காரணம் எழுதாத கட்டம்

அது விட்டுப்போனது இல்ல சார். நான்தான் வேணும்னு விட்டேன். இந்தச் சண்டைப் புஸ்தகத்த நூத்திப் பதினாலு பக்கம் தமிழ்ல மாத்தி எழுதினவளுக்கு ஒரு கட்டம் மட்டும் கண்ணுல படாமப் போயிடுமா? பாருங்க, தேதி எழுதியிருக்கேன், இடம் எழுதியிருக்கேன், இறந்தவர் மூணுன்னு எழுதியிருக்கேன். காரணம்ங்கற கட்டம்தான் காலி. இங்கிலீஷ்ல எங்க வீட்டுக்காரரு என்ன போட்டிருக்காருன்னு நீங்களும் படிச்சிருப்பீங்க. உள்ளூர்ப் பெண் வழியைத் தவறாகக் காட்டியதால். அவ்வளவுதான், அஞ்சு வார்த்தை. மூணு தடவ எழுத உக்காந்தேன். முடியல.

அவரு வர இன்னும் நேரம் இருக்கு. காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு ப்ரூஃப் குடுக்கப் போயிருக்காரு. டாலிகஞ்ச்ல மெட்ரோ விட்டு இறங்கி ஆட்டோ புடிச்சு வர எப்படியும் அஞ்சரை ஆகும். நீங்க இதுக்காக மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, காரணம் கேக்காமப் போவீங்களா? சொல்றேன். அவரு வந்ததும் மட்டும் பேச்ச மாத்திடுவோம், என்ன?

அட்டையில என். பன்னீர்செல்வம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கறதப் பாத்து உங்க கம்பெனிக்காரங்க இவரு பெரிய தமிழ்ப் பண்டிதர்னு நெனச்சுட்டாங்க போல. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது சார். நெஜமாத்தான். பொறந்தது வளந்தது எல்லாம் ஹவுரால, ரயில்வே குவார்ட்டர்ஸ்ல. எங்க மாமனார் ஒர்க்ஷாப்புல ஃபிட்டர். ஸ்கூல்ல இந்தி, தெருவுல பெங்காலி. வீட்டுல மட்டும் தமிழு, அதுவும் சோறு போடு, தண்ணி குடு, அம்மா எங்க, அந்த அளவுக்கு. நான் மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி வந்த புதுசுல அவரு பேசறதக் கேட்டு முந்தானைய வாயில வச்சுக்கிட்டுச் சிரிப்பேன். மழ வந்துச்சுன்னு சொல்லமாட்டாரு, மழ வந்தான்னுவாரு. எனக்கு அப்ப இருபது வயசு. அவரு மிலிட்டரில கிளார்க்கு. லீவுல வந்தா பதினஞ்சு நாளும் என்கிட்டத் தமிழ்ல பேசிப் பேசிப் பழகுவாரு. நல்லா இருந்துச்சு சார் அந்த நாளெல்லாம்.

கிளார்க்குன்னா துப்பாக்கி புடிக்கற வேல இல்ல. ஃபைலு, ரேஷன் கணக்கு, லீவு சீட்டு. எண்பத்தேழுல சிலோனுக்கு அனுப்பினாங்க. அவரு யூனிட்டுல எல்லாம் வடநாட்டுக்காரங்க. அங்க போனா ஜனங்க பேசறது ஒருத்தருக்கும் புரியல. லிஸ்ட்ட எடுத்துப் பாத்திருக்காங்க, பன்னீர்செல்வம்னு ஒரு பேரு. நீ மதராசிதானே, வா முன்னாலன்னு கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அவ்வளவா வராது சார்னு இவரு சொன்னாராம். எங்களுக்கு அதுவும் வராதேன்னு சொல்லிச் சிரிச்சாராம் ஆபீசரு. கெட்டவரு இல்ல, நல்ல மனுஷந்தான்னு இன்னிக்கும் சொல்வாரு.

டேபிள் போடற பழக்கம் அங்கதான் வந்துச்சு. தினமும் சாயங்காலம் அன்னிக்கு நடந்தத ஒரு தாள்ல கட்டம் போட்டு எழுதி அனுப்பணும். தேதி, இடம், என்ன நடந்துச்சு, நம்ம ஆளு எத்தன, அவங்க ஆளு எத்தன. கத எழுதக்கூடாது, கட்டத்துக்குள்ள அடங்கணும். அதான் இந்தப் புஸ்தகம் பூரா அப்படி இருக்கு. நூறு வருஷம் நடந்த சண்டையா இருந்தாலும் ஒரு வரி, அர நாள்ல முடிஞ்சதா இருந்தாலும் ஒரு வரி. பரீட்சைக்குப் படிக்கற புள்ளைங்களுக்கு அதான் வசதி. ஆனா அந்த ஒரு வரிக்கு அவரு படற பாடு இருக்கே! ரெண்டு புஸ்தகத்துல ரெண்டு எண்ணிக்க இருந்துச்சுன்னா அவ்வளவுதான், அலிப்பூர்ல நேஷனல் லைப்ரரிக்கு மாசக்கணக்கா நடப்பாரு. எங்கயோ எவனோ செத்தத இவரு ஏன் இப்படித் தேடறாருன்னு பக்கத்து வீட்டு பெங்காலிக்காரரு கேப்பாரு. நான் என்னத்தச் சொல்ல?

அந்த மூணு பேரு விஷயம் எண்பத்தெட்டுல. வெயில் காலம். ஒரு கிராமத்து ஓரத்துல பாத ரெண்டாப் பிரியுது. ஒண்ணு இவங்க நிக்கற எடத்துலேர்ந்தே, பனமரத்து ஓரமாப் போகுது. இன்னொண்ணு வயலத் தாண்டித் தூரத்துல. எதிர்ல ஒரு அம்மா வந்திருக்காங்க, கையில வெறகு. அம்பது வயசு இருக்குமாம். எந்த வழி சரின்னு கேளுன்னு ஆபீசரு சொல்லியிருக்காரு. இவரு கேட்டிருக்காரு. அந்தம்மா வெறகக் கீழ போட்டுட்டு, ஒரே மூச்சுல, உந்தப் பாதையால போகாதேங்கோ ராசான்னு சொல்லியிருக்காங்க.

இவருக்கு அவங்க பேச்சே புதுசு. போகாதேங்கறது புரிஞ்சிச்சு. பாதைங்கறதும் புரிஞ்சிச்சு. முதல் வார்த்தை அந்தன்னு காதுல விழுந்துருக்கு. அந்தப் பாதையால போகாதே, அப்படின்னா தூரத்துல இருக்கறதுல போகாதேன்னு அர்த்தம். அப்படித்தான் ஆபீசர்கிட்ட சொன்னாரு. கிட்டக்க இருக்கற பாதையில போனாங்க. முன்னால போன மூணு பேரு. அதுல ஷிவ்சரண்னு ஒருத்தரு, பீகார்க்காரரு, இவரும் அவரும் ஒரே தட்டுல சாப்பிடுவாங்க. எங்க பொண்ணு பொறந்ததுக்கு சில்லறயெல்லாம் சேத்து கொலுசு வாங்கி அனுப்புனவரு. கண்ணிவெடி. பத்தடி பின்னால வந்த இவரு மேல மண்ணுதான் விழுந்துச்சாம். திரும்பிப் பாத்தா அந்தம்மா தரையில உக்காந்து தலைல தலைல அடிச்சுக்கிட்டு அழுவுதாம்.

அன்னிக்குச் சாயங்காலமும் டேபிள் போட்டிருக்காரு சார். இறந்தவர் மூணு. அவர் கையாலயே.

லீவுல வந்தவரு என்கிட்டத் தமிழ்ல பேசல. தமிழ்ல கேட்டா பெங்காலில பதில் சொல்வாரு. மொதல்ல கோவமோன்னு நெனச்சேன். அப்புறம் சர்வீஸ் முடிச்சு வந்தும் அதேதான். கட்டுன புருஷன்கிட்டப் பேசறதுக்காக நான் பெங்காலி கத்துக்கிட்டேன். ஆனா ஷேவ் பண்றப்போ, சட்டைக்குப் பட்டன் போடறப்போ, உந்த, உந்தன்னு வாயிக்குள்ள சொல்லிக்கிட்டே இருப்பாரு. டிராம்ல ஒரு தடவ பக்கத்துல இருந்தவரு தன்னத்தான் ஏதோ சொல்றாருன்னு சண்டைக்கே வந்துட்டாரு. பொண்ணு தேவிப்ரியா அப்பத்தான் பேச ஆரம்பிச்சது. அது அவரக் கேட்டுக் கேட்டு, உந்த பொம்ம, உந்த பொம்மன்னு சொல்லும். அவரு எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது, எட்டு வருஷம் ஒண்ணும் சொல்லல அவரு. நான் புள்ளையத்தான் அதட்டுவேன்.

தொண்ணூத்தாறுல ஒரு நாள் ஹவுரால அவரு அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு லாஞ்ச்ல, அதான் ஆத்தத் தாண்டற படகுல, திரும்பி வர்றோம். மத்தியானம், கூட்டமில்ல. கங்கையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தவரு திடீர்னு ஆரம்பிச்சாரு. இப்ப உங்ககிட்ட சொன்னதெல்லாம் அன்னிக்குத்தான் எனக்கே தெரியும். எல்லாம் பெங்காலில. அந்தம்மா சொன்னது மட்டும் தமிழ்ல, அவங்க இழுத்த மாதிரியே. சொல்லிட்டு என் முகத்தப் பாத்து, உந்த மானே கீன்னு கேட்டாரு. உந்தன்னா என்ன அர்த்தம்னு. அவங்க அந்தன்னு சொல்லல, வாயக் குவிச்சாங்க, நான் பாத்தேன், அது உ தான், அன்னிக்கு அவசரத்துல விட்டுட்டேன், நீ தமிழ் ஊர்லயே படிச்சவ, நீ சொல்லுன்னாரு. கை ரெண்டையும் முட்டிமேல வச்சிருந்தாரு.

உந்தன்னு தமிழ்ல ஒரு சொல்லே கிடையாதுன்னு சொன்னேன். அந்தன்னுதான் சொல்லியிருப்பாங்க, ஊருக்கு ஊரு வாய் கொஞ்சம் கோணும், அவ்வளவுதான்னேன். நீங்க சரியாத்தான் சொல்லியிருக்கீங்க, அந்தம்மாதான் தப்பா சொல்லிட்டாங்கன்னேன்.

என்ன சார் அப்படிப் பாக்கறீங்க? குடிங்க, டீ ஆறுது.

லாஞ்ச்லேர்ந்து எறங்கறப்போ என் கையப் புடிச்சுக்கிட்டாரு சார். தெருவுல கையப் புடிக்கற ஆளே இல்ல அவரு. அன்னிலேர்ந்து அந்த முணுமுணுப்பு நின்னு போச்சு. ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டாரு. எங்க தெரு பூஜை கமிட்டில சேந்தாரு. நமக்கு வேற என்ன வேணும்? ஆனா ஒரு வாரம் கழிச்சு, பேப்பர் படிச்சுக்கிட்டே, தலைல அடிச்சுக்கிட்டு என்னமா நடிச்சா பாரு அந்தப் பொம்பளன்னாரு. நான் எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டேன்.

அதுக்கப்புறம் வந்ததுதான் இந்தக் கடைசிக் கட்டம். மொதல் ரெண்டு பதிப்புலயும் காரணம்னு ஒண்ணு கிடையாது. நீங்க வேணும்னா எடுத்துப் பாருங்க, அஞ்சு கட்டத்தோட முடிஞ்சிரும். காரணம் எவனுக்குத் தெரியும், அத நான் எழுத மாட்டேன்னு பிரஸ்காரங்ககிட்ட சண்ட போட்டவரு. லாஞ்ச்ல வந்துட்டு அடுத்த மாசமே ஸ்கேல வச்சு ஆறாவது கோடு இழுத்தாரு. எல்லாத்துக்கும் யாராவது ஒருத்தர் காரணமா இருக்கத்தான் செய்யறாங்கன்னு அவருக்கு அப்பத் தோணிப் போச்சு. மத்தவங்க புஸ்தகத்துல இல்லாத அந்தக் கட்டத்தாலதான் இது வித்துது. உங்க கம்பெனியும் அதப் பாத்துத்தானே தமிழ்ல போடணும்னு வந்தீங்க. கடைசியில சின்னச் சம்பவங்கள்னு ஒரு பின்னிணைப்பு, அதுல இந்த மூணு பேர. பேரு போட எடமில்ல, மூணுன்னு மட்டும். பெரிய புஸ்தகம் எதுலயும் இவங்க வரமாட்டாங்க, என்னுதுலயாவது வரட்டும்னாரு. அவரு ஆச அது. அதுக்கு நேரா, காரணம்ங்கற கட்டத்துல, நீங்க படிச்ச அஞ்சு வார்த்தை.

இங்கிலீஷ்ல இருந்தவரைக்கும் நான் ஒண்ணும் சொல்லல. பெங்காலில போட்டப்பவும் சும்மாதான் இருந்தேன். எங்கயோ ஒரு பெண், யாரோ. தமிழ்ல எழுதித் தர்றியான்னு அவரு கேட்டப்போ சந்தோஷமாத்தான் ஒத்துக்கிட்டேன். அஞ்சு மாசம். சமையல் முடிஞ்சதும் உக்காந்துருவேன். தோல்வி, உடன்படிக்கை, எல்லைத் தகராறுன்னு பழைய வார்த்தையெல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகம் வந்துச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. கடைசி டேபிளுக்கு வந்து, உள்ளூர்ப் பெண்ணுன்னு எழுதறேன், பேனா அப்படியே நின்னுடுச்சு. தமிழ்ல எழுதினா அது யாரோ இல்ல சார். அந்தம்மாவேதான். இது சிலோனுக்கும் போகும், கடையில தொங்கும். அவங்க புள்ள, பேரன் எவனாவது பரீட்சைக்குன்னு வாங்கிப் படிப்பான். அந்தத் தேதியும் ஊரும் அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அவங்க உயிரோட இருந்தா அறுபத்தஞ்சு வயசு இருக்கும். மார்க்கெட்டுல வெறகுக் கட்டு தூக்கிட்டு யாராவது வந்தாக்கூட இப்பல்லாம் நான் ஒதுங்கி வேற சந்துல போயிடறேன். முகமே தெரியாது எனக்கு. ஆனா வருவாங்கன்னு தோணுது. கத்த மாட்டாங்க, ராசான்னு கூப்பிட்ட மாதிரியே, ஏம்மான்னு மெல்லக் கேப்பாங்கன்னு தோணுது.

இல்ல, அவர்கிட்ட சொல்ல மாட்டேன். சொன்னா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எட்டு வருஷம் பாத்திருக்கேன் நான். அவங்க மேல போட்ட பழிய எடுத்தா நேரா அவரு மேலதான் விழும், வேற எங்கயும் விழ எடம் கெடயாது. அதனால உங்களைக் கேக்கறேன். அந்த எடத்துல நீங்களும் ஒண்ணும் எழுதாதீங்க. அவரு படிச்சுப் பாக்கப் போறதில்ல. வேற யாராவது கேட்டா அச்சுப் பிழைன்னு சொல்லிக்கங்க.

நீங்களும் படிச்சிருப்பீங்களே சார், சுட்டெழுத்து மூணு, அ, இ, உ. தூரத்துல இருந்தா அது, நம்மகிட்ட இருந்தா இது, எதிர்ல நிக்கறவங்க பக்கத்துல இருந்தா உது. இந்தப் பக்கமெல்லாம் உ வழக்கொழிஞ்சு போச்சு, யாழ்ப்பாணத்துல இன்னும் பேசறாங்கன்னு விஜயலக்ஷ்மி டீச்சர் போர்டுல எழுதிப் போட்டது அப்படியே கண்ணுக்குள்ள இருக்கு. அந்தம்மா சரியாத்தான் சொன்னாங்க. நீங்க நிக்கற பாதையில போகாதீங்கன்னுதான் சொன்னாங்க. லாஞ்ச்ல அவரு கேட்டு வாய மூடறதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

எஸ்எஸ்எல்சில தமிழ்ல நான் எண்பத்தேழு மார்க்கு, சார்.