ராமர் வேஷக்காரரும் அணில் முடியும்

"இது பன்னி முடி இல்லையே? ராமர் மூஞ்சியில படலாமா?"

பெட்ரோலுக்குப் பதில் கரி எரித்து ஸ்ரீரங்கம் போகும் கரிவாயு பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்தவர் அரிதாரம் பூசும் பிரஷ் டப்பாவைக் காட்டிக் கேட்டார். கன்னமெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது. அன்றைய நாடகத்தில் அவர் ராமர். பக்கத்தில் இருந்தவர் அனுமார்.

"பயப்படாதீங்கண்ணே. கடைக்காரர் பாய். பன்னி முடின்னா கையாலயே தொடமாட்டாரு. தடவிப் பாருங்க."

ராமர் டப்பாவைத் திறந்து, புது பிரஷ்ஷால் கன்னத்தை மெல்லத் தடவினார்.

"வலிக்கவே இல்லடா."

"துணியால அரிதாரம் தேய்ச்சுத்தானே புண்ணாச்சு. இன்னிக்கும் ரத்தம் கசிஞ்சா, வேஷத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு கம்பெனி முதலாளி சொல்லிட்டாருல்ல?"

"அப்ப இது என்ன முடி?"

"அணில் முடியாம். சீமைச் சரக்கு."

பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியது. ராமர் பிரஷ்ஷைக் கன்னத்திலிருந்து எடுத்துவிட்டார்.

"அணிலா?"

"நம்ம ஊர் அணில் இல்லண்ணே. சீமை அணிலுக்கு முதுகுல கோடே கிடையாதாம். ராமர் அதைத் தடவவே இல்ல."

"அணை கட்டுற சீன்ல அணிலைத் தடவிக் குடுக்கணுமேடா. அதோட முடியால மூஞ்சியைப் பூசிக்கிட்டு எப்படித் தடவுவேன்?"

"வேஷம் போயிடும்ணே."

"தெரியும்."

அந்த பிரஷ்ஷை மூன்று விரலால் ஒருமுறை வருடி, டப்பாவில் வைத்து மூடினார்.

"உங்கிட்ட பழைய துணி ஏதாவது இருக்கா?"

அனுமார் அந்தக் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தம் வேட்டி முனையை விரலால் தேய்த்துப் பார்த்து, நைந்து மெத்தென்றிருந்த இடமாகக் கிழித்துக் கொடுத்தார்.