தோல்டாப் பால்

— தேய்க்காதே ஃபெஃபா. கையைக் கீழ எடு. தேய்க்கத் தேய்க்கப் பால் இன்னும் உள்ள போகும்.

— எரியுது அண்ணி. கண்ணுக்குள்ள நெருப்பை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல. இருட்டுகூட இல்ல, ஒரே வெள்ளையா இருக்கு.

— காத்துக்கு எதிர நின்னு தோல்டாச் செடியை வெட்டாதேன்னு எத்தன தடவ சொன்னேன்? இலை ஒண்ணுகூட இல்ல, மொட்டைக் குச்சிதானேன்னு நெனச்சே. குச்சி பூரா பால்டி.

— ரெண்டு கட்டு வெட்டிக் கடலோரக் குட்டையில போட்டா மீன் மயங்கி மெதக்கும், புள்ளைங்களுக்கு இன்னிக்கு வெறும் கோஃபியோ மாவைக் கரைச்சுக் குடுக்க வேணாம்னு பாத்தேன். இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க.

— குடுவை காலி. இருந்ததெல்லாம் உன் மூஞ்சியிலதான் ஊத்தினேன். எந்திரி, கடல் ஏறுது.

— அலை காலத் தொட்டுருச்சு அண்ணி.

— அதான் சொல்றேன். என் இடுப்புக் கயித்தைப் பிடி. இன்னொரு கையைப் பாறையில வை. நான் கால் வச்ச எடத்துல நீ வை.

— வலப்பக்கம் பள்ளமா?

— பள்ளத்தைப் பத்திப் பேசாதே. ஏறு.

— டொக்கு டொக்குன்னு என்ன சத்தம்?

— என் கழிதான். கல்லு ஆடுதான்னு தட்டிப் பாக்கறேன்.

— குவாதலூப்பே மாதாவே, என் ரெண்டு புள்ளைங்களுக்காகவாவது… அண்ணி, ஏன் நின்னுட்டீங்க?

— சும்மா இரு.

— வழி தப்பிட்டமா?

— சின்ன வயசுலேருந்து ஆடு ஓட்டிட்டு வந்த வழி. என் காலுக்குத் தெரியும். கொஞ்சம் வாயை மூடு, அலை எந்தப் பக்கம் அடிக்குதுன்னு கேக்கணும்.

— அலையை எதுக்குக் கேக்கணும்? அண்ணி, பயமா இருக்கு. என்னை இங்க விட்டுட்டுப் போயிருவீங்களா?

— விடுறதா இருந்தா கீழயே விட்டிருப்பேன்.

— நான் பேசினதெல்லாம் உங்க காதுக்கு வந்திருக்கும்.

— வந்துச்சு. இந்தத் தொமித்திலா வாய்க்குப் பயந்துதான் உன் அண்ணன் கராக்கசுக்குக் கப்பலேறினான்னு கடைத்தெரு முழுக்கச் சொன்னியாமே.

— கோவத்துல சொல்லிட்டேன்.

— மேல போய்ச் சண்டை போடுவோம். இப்ப குனி. ஒடம்பைப் பாறையோட ஒட்டி வச்சுக்க. இந்த எடத்துல ஒரு பாதம்தான் வைக்க முடியும்.

— கால எங்க வைக்கறதுன்னு தெரியல. என்னால முடியாது.

— முடியும். இடது கால். ம். இப்ப வலது. கயித்தை இழுக்காதே, ரெண்டு பேரும் போயிருவோம்.

— கல்லு உருண்டுச்சு… அது விழுந்த சத்தமே கேக்கல அண்ணி.

— கேக்க வேணாம். இன்னொரு அடி. அவ்வளவுதான், தாண்டிட்டோம். உக்காரு. பின்னால சாயி, பாறை இருக்கு.

— என்ன தேடுறீங்க? சருகு ஒடியுது.

— பால் பட்ட கண்ணுக்குப் போடுற செடி. இங்கதான் பாறை இடுக்குல இருக்கும். இதைத் தொட்டுச் சொல்லு, ஒட்டுதா? என் கை மரத்துப்போச்சு.

— ஒட்டுது. பிசுக்குன்னு. குங்கிலியம் மாதிரி வாசம் வருது.

— அதான். அண்ணாந்து பாரு. கண்ணை இறுக்காதே. இன்னும் மேல… இது மூக்கு. சரி, இப்ப பிழியறேன்.

— ஐயோ… அண்ணி… ஐயோ, ஜில்லுன்னு இறங்குது.

— இந்தக் கண்ணுக்கும். இன்னொரு கொத்து கையில படல, இருந்த அத்தனையும் பிழிஞ்சாச்சு. கொஞ்ச நேரம் அப்படியே இரு.

— எரிச்சல் அடங்குது. என் கண்ணு திரும்பி வருமா அண்ணி?

— எங்க வீட்டுல ஒருத்தருக்கு வந்திருக்கு. மெதுவாத் தொறந்து பாரு.

— மங்கலா… ஏதோ நீலமாத் தெரியுது. கடலு. அடியாத்தி, இவ்வளவு உசரமா? இந்த ஒத்தையடி வழியிலயா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க? அண்ணி, இங்க திரும்புங்க. இந்தப் பக்கம், நான் இங்க இருக்கேன்… உங்க கண்ணுக்கு என்ன ஆச்சு? ரெண்டும் வீங்கி மூடிக் கெடக்கே!

— கீழயே ஆச்சு. உன் மூஞ்சியத் தொடச்ச கையால என் வேர்வையத் தொடச்சேன். சொல்லியிருந்தா நீ ஒரு அடியாவது எடுத்து வச்சிருப்பியா? இந்தக் கயித்தை உன் இடுப்புல கட்டிக்கிட்டு முனையை எங்கிட்ட குடு, இனி நீ முன்னால நட.