ஆல்ட்டோ பாடிய ஆல்வின் ஐயாதுரை

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஐயா அவர்களே, ஷிப்ட் முடிந்த கையோடு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கும் பஞ்சாலைத் தோழர்களே, முன்வரிசையில் இரு மகள்களோடு அமர்ந்திருக்கும் ஆல்வினின் மனைவி, சகோதரி பாண்டிசெல்வி அவர்களே, எங்கள் பாடகர் குழுவினரே! எண்மராக நின்று பாடினோம். இன்று எழுவர் வந்திருக்கிறோம். குழுவை நடத்தும் பரிபூரணம் டீச்சர் பேசுவார் என்று அறிவித்துவிட்டார்கள். என்ன பேசுவேன்?

ஆல்வின் ஐயாதுரை யார்? இருபத்து மூன்று ஆண்டுகள் பஞ்சாலை ஃபிட்டர். ஆனால் அவர் நெஞ்சில் இருந்தது இங்கிலாந்தின் பழைய ஆலயப் பாட்டு! நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தையது. ஆர்கன் கிடையாது, கீபோர்டு கிடையாது. நான்கு குரல்கள், ஒன்று முடியுமுன் மற்றொன்று எழுந்து, பின்னிப் பின்னிப் போகும். அரசாங்கம் தடுத்த பழைய வழிபாட்டைக் கைவிட மனமில்லாதவர்கள், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, குரலுக்கு ஒருவராக நின்று பாடிய பாட்டுகளும் அவற்றில் உண்டு. டீ இடைவேளையில் ஒருநாள் செல்போனில் அதைக் கேட்டுவிட்டு, ஷிப்ட் முடிந்ததும் என்னிடம் ஓடி வந்தார். "டீச்சர், நாலே நாலு பேரு! ஆனா ஆலயம் முழுக்க ஆளு பாடுத மாதிரி இருக்கு. நாமளும் பாடுவோமா?" என்றார்.

அந்த நாட்டு இசைக்குறிகள் எங்களில் எத்தனை பேருக்குப் புரியும்? ஒவ்வொரு குரலையும் நமக்குப் பழகிய டோ-ரே-மி எழுத்துகளில் கைப்பட எழுதித் தந்தார். பெண்களின் கீழ்க்குரலான ஆல்ட்டோவை ஆண்களே மேல்குரலில் பாடும் வழக்கம் அங்கே உண்டு என்று சொல்லி, அதைத் தானே எடுத்துக்கொண்டார். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். "ஏலே, பொம்பளக் குரல்ல பாடுத!" என்று அடிக்குரலான பேஸ் பாடும் வைகுண்டராஜ் கேலி செய்தார். நெற்றியில் திருநீறோடு நம் குழுவில் பாடும் அவரை ஆல்வின்தான் மில்லிலிருந்து அழைத்து வந்தார். ஆல்வின் கோபிக்கவில்லை. மறுபடியும் பாடினார். அன்று சிரிப்பை நிறுத்தியவர்களில் முதல் ஆள் வைகுண்டராஜ்தான்!

இரண்டு ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு பெரிய ஆலயம் எங்களை அழைத்தது. பாதிப் பாட்டில் சுதி இறங்கியது. இறங்கிக்கொண்டே போனது. கைநீட்டி நின்ற என்னால் தூக்கி நிறுத்த முடியவில்லை. திரும்பி வரும் வேனில், எல்லோர் முன்னாலும், உச்சக்குரலான சோப்ரானோ பாடிய சத்யப்பிரியாவைக் கடிந்துகொண்டேன். அந்தப் பெண் அழுதுகொண்டே வந்தாள். மூன்றாம் நாள் ஆல்வின் என் வீட்டு வாசலில் நின்றார்.

"டீச்சர், அந்தப் பிள்ளய வையாதீக. தப்பு எம்மேல. ரெண்டு வருசமா எனக்குக் காது சரியாக் கேக்கல. மிஷின் சத்தத்துல நரம்பு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் சொல்லல. சொன்னா பாட விட மாட்டீகன்னு பயம்."

அவரை மதுரைக்கு அழைத்துப் போனேன். வேறு மருத்துவரையும் பார்த்தோம். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். காதுக்கருவி மாட்டினார். "பேச்சு கேக்குது டீச்சர். பாட்டு தகரத்துல கல்லு விழுந்த மாதிரி இருக்கு" என்று கழற்றிப் பைக்குள் போட்டார். சில மாதங்கள் வைகுண்டராஜின் முதுகில் உள்ளங்கையை வைத்து, அந்த அதிர்வைப் பிடித்துப் பாடிப் பார்த்தார். பிறகு அதுவும் எட்டவில்லை. ஒரு சனிக்கிழமை பாட்டின் நடுவே தானாக வாயை மூடிக்கொண்டார்.

ஆனாலும் வருவதை நிறுத்தினாரா? இல்லை! ஒவ்வொரு சனிக்கிழமையும் ராஜபாளையத்திலிருந்து மொபெட்டில் பயிற்சிக்கு வந்தார். எங்கள் வாய்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். யார் எங்கே தவறினார்கள் என்று, கேட்காமலே, சரியாகச் சொல்வார். ஆல்ட்டோவை அவரிடம் கற்று எங்கள் சோலைராஜ் ஓரளவு பாடினார். பக்கத்தில் ஆல்வின் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை. பயிற்சிக்கு வரும் வழியில், வன்னியம்பட்டிப் பக்கம் டீ குடிக்க மொபெட்டை வலப்புறம் திருப்பியிருக்கிறார். பின்னால் லாரி. "மூணு தடவ ஹாரன் அடிச்சேன்மா, அவரு திரும்பிக்கூடப் பாக்கல" என்று அந்த டிரைவர் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்து அழுதார். அவரை நான் எப்படிக் குறை சொல்வேன்? அதே நேரம் நாங்கள் இங்கே, ஆல்வின் தாமதமாகிறார் என்று சொல்லிவிட்டு, பாடத் தொடங்கியிருந்தோம்.

கல்லறையிலும் பாடத் தொடங்கினோம். ஆல்ட்டோ நுழைய வேண்டிய இடம் வந்தது. சோலைராஜ் வாயைத் திறந்தார், குரல் வரவில்லை. பாட்டை அங்கேயே நிறுத்திவிட்டு நின்றோம். உங்களில் பலர் பார்த்தீர்கள்.

அன்று பாண்டிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சர், காது கேக்காத மனுசன் அம்புட்டு தூரம் வாராரே, இனி வர வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா? நான் சொன்னா கேக்க மாட்டாரு. நீங்க சொன்னாக் கேப்பாரே."

கேட்டிருப்பார். நான் சொல்லவில்லை. சபையோரே, சகோதரியே! அவர் வந்தால் எங்களுக்குத் தெம்பாக இருந்தது. அதனால் சொல்லவில்லை.

இப்படிப்பட்ட கூட்டத்தில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பார்கள். அவர் குரலுக்கு ஈடு செய்வோம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தப் பாட்டைப் பாடி முடிப்போம் என்றுகூட இன்று சொல்லத் தைரியமில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமை முதல் நம் பயிற்சி ராஜபாளையத்தில் நடக்கும். குழுவில் ஐந்து பேர் அந்த ஊர்க்காரர்கள். ஆல்வினோடு ஆறு பேராக இருந்தார்கள். இத்தனை ஆண்டுகள் அந்த ஆறு பேரும்தான் இங்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்தார்கள். இனி இந்த ஊரில் இருக்கும் நாங்கள் இருவர் பஸ் ஏறிப் போவோம்.

இது பெரிய யோசனையா? இல்லை. போன வருஷமே எனக்குத் தோன்றியிருக்கக் கூடாதா?