திரையில மணி அஞ்சரை

இல்லண்ணே, கத்தாம எப்படிப் பேசுறது? உங்க தங்கச்சி இட்டோ உள்ள வார்டுல கண்ணு தொறக்காமக் கெடக்கா. அந்த லஹ்லூ என்னடான்னா, சர்க்கரை வியாதிக்காரி ஏன் நோன்பு வெச்சான்னு கேக்குறான். மேனேஜராம், பெரிய மேனேஜர்! வாயில நல்லா வருது எனக்கு.

ஆமா, ஜவாத்துதான். இட்டோ வேலை பாக்குற அதே கால் சென்டர்ல கம்ப்யூட்டர் பாக்குற ஆளு. அந்த ரூம்ல ஒரு ஜன்னல் கிடையாதுண்ணே. ஃபோனை வாசல்லயே பிடுங்கிப் பூட்டிருவான். காதுல எந்நேரமும் ஹெட்போன். பிரான்ஸ்காரன் திட்டுறது கேக்கும், பாங்கு கேக்குமா? திரையில நோன்பு தொறக்குற நேரம் வந்தாத்தான் எந்திரிக்கலாம். மனுஷன் இருக்குற எடமா அது?

என்ன நடந்துச்சா? திரையில ஒரு மணி நேரம் பின்னாடி இருந்துச்சு. ரமலான் வந்தா நம்ம நாட்டுல அரசாங்கமே கடிகாரத்தை ஒரு மணி பின்னாடி தள்ளச் சொல்லுதே, பழைய மெஷின்ல அதை வருஷா வருஷம் கையாலதான் செய்வோம். டேட்னு ஒரு கட்டளை. சும்மா அடிச்சா நேரத்தைக் காட்டும், கூடவே புது நேரத்தையும் அடிச்சா மாத்திரும். இந்த வருஷம் வந்த புது மெஷின் ஞாயித்துக்கிழமையே தானாத் தள்ளிக்கிச்சு. அது தெரியாம இன்னொரு தடவை தள்ளியாச்சு. வாசல்ல குடுக்குறப்ப ஃபோன்ல வேற மணி காட்டுச்சேன்னு ரெண்டு பேரு கேட்டாங்கதான். மொத நோன்பு, எது மாறுச்சு எது மாறலன்னு எப்பவும் இருக்குற குழப்பம்னு விட்டுட்டோம். வெளிய ஊரே நோன்பு தொறந்து ஹரீரா சூப்பு குடிச்சு முடிச்சிருச்சு, உள்ள நாப்பது பேரு காஞ்ச வாயோட பேசிட்டு இருக்கோம்!

யாரு தள்ளுனதா? லஹ்லூ காலையில வந்து, நேரம் சரியா இருக்கான்னு பாருன்னான். ஆமாண்ணே, பாருன்னுதான் சொன்னான். மாத்துன்னு சொல்லல. நான் பாக்கல. வழக்கம்போல மாத்திட்டேன்.

இருங்க, எந்திரிக்காதீங்க, அடிக்கணும்னா அப்புறம் அடிங்க. இட்டோ எங்கிட்ட வந்தா. ஜவாத், கை நடுங்குது, பொழுது எறங்கியிருக்கும்டா, எனக்குத் தெரியுதுன்னா. கையில பேரீச்சம்பழம் வெச்சிருந்தா. நான்தான் அவ கண்ணு முன்னாடியே டேட் அடிச்சுக் காட்டுனேன். அஞ்சரை. நோன்பு தொறக்க இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு, பசிச்சா அப்படித்தான் தோணும்னு சிரிச்சேன். அவ பழத்தைப் பைக்குள்ள போட்டுட்டு, போய் உக்காந்துட்டா.