ரயில்வே கேட் வரைக்கும்

வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வரும் மில் பஸ். எனக்கு முன் சீட்டில், இடுப்பில் பெல்ட் கட்டியிருந்த பெண் பக்கத்திலிருந்த தோழியிடம் சொன்னார்:

"இன்னைக்கு ஒன்னத்தான் திட்டப் போறேன்."

"திட்டுக்கா. ஆனா பொலம்பலுக்கு ஒரு எல்ல வச்சுக்கன்னு ஒங்க ஆஸ்பத்திரி மேடம் சொன்னாங்கல்ல, ரயில்வே கேட்டு வரைக்குந்தான். தாண்டிட்டா மூச்!"

"ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தோம். ஒரே மெஷின்ல நிக்கிறோம். எனக்கு மட்டும் இடுப்பு போச்சு. நீ கெடாக்குட்டியாட்டம் துள்ளுற. இது என்னடி நியாயம்?"

"நியாயமே இல்லக்கா. அப்பறம்?"

"ஒன்னப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது."

"வரட்டும். அப்பறம்?"

"அம்புட்டுத்தான். தீந்துபோச்சு."

பஸ் நின்றது. கேட் அடைத்திருந்தது, ரயிலைக் காணோம்.

"கேட்டு இன்னும் தொறக்கலயேக்கா. செத்த நேரம் பொலம்பு."

அவர் யோசித்தார். "மத்தியானம் நீ கொண்டாந்த வெஞ்சனத்துல உப்பே இல்ல."

"மூணு தடவ வாங்கித் தின்னியே!"

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அவர்களுக்கு முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் போனது. பஸ் தண்டவாளத்தைத் தாண்டியது.

"அய்யோ, சிரிச்சதுல இடுப்பு இன்னும் கூடப் பிடிச்சுக்கிச்சுடி!"

"கேட்டத் தாண்டியாச்சு. மூச்!"