வயசு பத்தல

பூந்தமல்லியில் பேருந்து கிளம்பியதும், முன் சீட்டில் இருந்த இளம்பெண் பக்கத்து அம்மாளிடம், "எனக்கு வயசு பத்தலையாம் ஆன்ட்டி," என்றாள். முப்பது இருக்கும்; கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை.

"இன்னாத்துக்குப் பத்தல?"

"மார்புல கேன்சர் இருக்கான்னு எடுக்குற மேமோகிராமுக்கு. காலனி கேம்ப்ல உங்க டோக்கனை எனக்குக் குடுத்தீங்கள்ல."

"கிழவி எனக்கு எதுக்கு, சின்னப் பொண்ணு நீ பாத்துக்கன்னுதான் குடுத்தேன்."

"என் வயசுல படம் தெளிவா விழாதாம். எல்லாம் வெள்ளையாவே தெரியுமாம். கட்டி எதுவும் இல்லாதப்ப எடுத்தா வீண் பயம்தான் மிச்சம்னாங்க டாக்டர். அந்த வெள்ளையப் பாத்துத்தான் ஊசி போட்டு டெஸ்டுக்குச் சதை எடுத்தாங்க."

"எல்லாம் என்னால வந்துது. பத்து நாளா எனக்குச் சோறு எறங்கல. ரிசல்ட்டு நல்லா வரணும்னு வேண்டிக்கினு கீறேன்."

"நேத்தே வந்துடுச்சு ஆன்ட்டி. ஒண்ணுமே இல்லையாம்."

அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேலப்பன்சாவடி தாண்டும்வரை அவள் கையை விடவேயில்லை. பிறகு கேட்டார்:

"அப்ப இன்னிக்கு எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்?"

"டோக்கன் யாரோடதுன்னு டாக்டர் கேட்டாங்க. கீழ் வீட்டு ஆன்ட்டி, அம்பத்தாறு வயசுன்னேன். எடுக்க வேண்டியது அவங்கதான், அந்த வயசுலதான் இதால பலன் ஜாஸ்தி, கூட்டினு வான்னுட்டாங்க."



"அதான் கிளம்புறப்ப பவுடர் பூசாதீங்கன்னியா?"

"ஆமா. அது படத்துல புள்ளி புள்ளியா விழுமாம்."

"சொல்லியிருந்தா நல்ல ஜாக்கெட்டா போட்டுக்கினு வந்திருப்பேனே," என்றார் அம்மாள்.