மணி அடிக்கும் வரை

"இண்டைக்கு வேலையிடத்தில அந்த ஆமிக்காரனை எனக்கு முன்னால இருத்தினனான்."

டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்ட் போகும் ரயிலில் என் முன் இருக்கையில் இரண்டு தமிழ்ப் பெண்கள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. இதைச் சொன்னவள் மூத்தவள்.

"எந்த ஆமிக்காரன், அக்கா?"

"ஊரில என்ரை அண்ணையைப் பிடிச்சுக்கொண்டு போனவன். ஒரு டெனிஷ்காரி வந்து எங்களுக்குத் தியானம் பழக்கினவ. புத்தர் வழியாம். கண்ணை மூடி, பிடிக்காத ஒராள் முன்னால இருக்கிறதாக் கற்பனை செய்து, நல்லாயிருக்கட்டும் எண்டு சொல்லோணுமாம். மற்றவை எல்லாம் மேலாளரைத்தான் நினைச்சவை."

"நீங்கள் அவனை நல்லாயிருக்கட்டும் எண்டு சொன்னனீங்களோ?"

"இல்லை. அண்ணை எங்கை எண்டு கேட்டனான்."

இளையவள் கைப்பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"என்ன சொன்னவன்?"

"சொல்லத்தான் வாயைத் திறந்தவன். அதுக்குள்ள டெனிஷ்காரி நேரம் முடிஞ்சுதெண்டு மணியை அடிச்சுப்போட்டா."